பேந்து போடுங்கோ

பெயர்: ஆனந்தராசா யோகராணி. வயது: 38. முகவரி: புளூம்ஃபீல்ட் அவெனியூ, பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல். சொந்த இடம்: சண்டிலிப்பாய், யாழ்ப்பாணம். தொழில்: தையல் ஆலை வேலை. இறந்தவருக்கு உறவு: மனைவி. 1995 செப்டம்பர் 19 அன்று, மரண விசாரணை அதிகாரியின் முன்னிலையில் சாட்சி தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வசீகரன் தமிழிலேயே பதிந்தது.

நான் மேற்படி முகவரியில் என் மகள் பிரஷாந்தினியுடன் வசித்து வருகிறேன். என் கணவர் ஆனந்தராசா இறந்த அன்று ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் ஒரு வாக்குமூலம் எடுக்கப்பட்டது. அதில் ஒரு சொல் விடுபட்டுப் போனதால் இதை இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன்.

என் கணவர் ஊரில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் ஓரிடத்தில் வேலை செய்தவர். கோயில் திருவிழா, கலியாணம், தேர்தல் கூட்டம் எதுவென்றாலும் தென்னையில் ஏறிக் குழாய் கட்டுவது அவர்தான். மரத்தில் நிற்பவர் கீழே அம்பிளிபயரோடு இருப்பவருக்குக் குரல் கொடுப்பார். "போடு" என்றால் கறண்டைப் போடு. "பேந்து" என்றால் இப்போது வேண்டாம், பிறகு. எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் அது. மரத்தில் ஏறுமுன் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவருடைய பழக்கம். கலியாணம் கட்டிய புதிதில் சட்டை தோய்க்கும்போதெல்லாம் பைக்குள் பியூஸ் கிடக்கும், எனக்கு எரிச்சலாக வரும். இங்கே வந்தபின் அவர் ஒரு ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவினார்.

திரு. மணிவாசகம் தமிழ்நாட்டுக்காரர், எஞ்சினியர். என் கணவர் அவரை மரியாதையாகச் "சேர்" என்றுதான் கூப்பிடுவார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கையில் என் கணவரோடு பேச்சுக் கொடுத்து, குழாய் என்ற ஒரே கதையில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். அவர் வீட்டு பேஸ்மென்ட் முழுக்கப் பழைய குழாய்கள்தான். அன்னத்தின் கழுத்துப் போல வளைந்தது, தகரத்தில் செய்தது, பலகையில் செய்தது என்று எல்லாம் கிடக்கும். அதில் பெரியது ஆள் உயரத்துக்கு மேலானது, பேசும் படம் வந்த புதிதில் ஒரு சினிமாத் தியேட்டரில் இருந்ததாம். தியேட்டரை இடித்தபோது விலைக்கு எடுத்திருந்தார். அந்தக் காலத்து அம்பிளிபயருக்கு வலு குறைவு, அதனால் குழாய்தான் சத்தத்தைப் பெரிசாக்க வேண்டும் என்று அவர் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். குழாயின் பின்னால் பூட்டுகிற யூனிட்டுக்கு அப்போது நல்ல காந்தமும் கிடையாதாம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்குத் தனியாகக் கறண்ட் கொடுத்தால்தான் அது காந்தமாகும். அந்தக் கறண்ட் ஆளைக் கொல்லக்கூடியது என்பதையும் அவரே சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெரிய குழாயைக் கேட்கவென்று அவர் சிநேகிதர்களை அழைத்திருந்தார். நான் சரளா அக்காவுக்குச் சமையலில் கைகொடுக்கக் கூடப் போனேன். சரளா அக்கா அவருடைய மனைவி. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு குழாய்க்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஊரில் அந்தச் சத்தத்துக்கு நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவோம்.

பாட்டுப் போட்டதும் சத்தம் கரகரத்தது. அதன் பின் திரு. மணிவாசகம் தன் பக்கத்தில் இருந்த, அந்தக் கறண்ட் கொடுக்கும் பெட்டியில் சுவிட்சை அணைத்தார். என் கணவர் குழாயின் பின்னால் போய் யூனிட்டைக் கழற்றி மடியில் வைத்து வயர் முனைகளைச் சுரண்டத் தொடங்கினார். குழாய் அவரை முழுதாக மறைத்தது, முன்னால் இருந்தவர்களுக்கு அவர் தெரியவில்லை. நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, பிளக்கைக் கழற்றச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"கழட்டச் சொன்னா சேரை நம்பேல்லை எண்ட மாதிரி இருக்குமப்பா" என்றார். அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

அதன் பின் நான் முன்பக்கம் வந்து படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். திரு. மணிவாசகம், "ராசா, போடட்டுமா?" என்று கேட்டார். யூனிட் கழற்றிய இடத்தில் குழாயின் சின்ன வாய் திறந்து கிடந்தது, என் கணவரின் முகம் அதற்கு நேரே இருந்திருக்க வேண்டும். அவர் பதில் சொன்னது குழாய்க்குள்ளால் வந்து, கறண்ட் இல்லாமலே பேஸ்மென்ட் முழுக்கக் கேட்டது.

"பேந்து போடுங்கோ சேர்."

குழாய் தானாகப் பேசியதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். திரு. மணிவாசகமும் சிரித்துக்கொண்டே சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் போடாதேங்கோ என்று கத்தினேன். எனக்கு முன்னால் குழாய் இருக்கவில்லை, சிரிப்பில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் சுவிட்சைப் போட்டார். அதன் பின் குழாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் கணவரின் குரலா, யூனிட் விழுந்த சத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதற்கும் சிலர் கை தட்டினார்கள். நான் பின்னால் ஓடிப் பார்த்தபோது தேத்தண்ணி ஆறாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பொலிஸார் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வந்தார்கள். அவர் தமிழ்நாட்டுக்காரர். நான் நடந்தபடியே சொன்னேன். அவர், "பேந்துன்னா என்னம்மா?" என்று கேட்டார். புருசனைப் பறிகொடுத்துவிட்டு நிற்பவளிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கோபம் வந்தது. பேந்தென்றால் பேந்துதான் என்று சொல்லிவிட்டு அழுதேன். அவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னார்.

அதன் பின் அந்த வாக்குமூலத்தின் பிரதி வீட்டுக்கு வந்தது. எனக்குப் பிரெஞ்சு வராது, மகள்தான் வாசித்தாள். மின்சாரத்தைப் போடும்படி இறந்தவரே சொன்னார் என்று அதில் இருந்தது. அவள் அதைத் திரும்பவும் வாசித்துவிட்டு, "அப்பா தெரிஞ்சுதான் போடச் சொன்னவரோ?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். கடதாசியில் இருக்கிறதே என்றாள். அன்றிலிருந்து அவள் தகப்பனின் படத்துக்கு விளக்குக் கொளுத்த வருவதில்லை. என் வாக்கு அவளிடம் எடுபடவில்லை, கடதாசியில் இருந்தால்தான் நம்புவாள். அதற்காகவே நான் இங்கே வந்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபின் திரு. மணிவாசகமும் சரளா அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் கணவர் போடுங்கோ என்றதற்கு முன்னால் ஒரு சொல் சொன்னாரே, அது என்ன என்று அவரே கேட்டார். நான் சொன்னேன். அவர், "பேந்தப் பேந்த முழிக்கிறது தெரியும்மா. பேந்து தெரியாது. கேட்டுச்சு, நல்லா கேட்டுச்சு. புரியல" என்றார். அதை அதிகாரி முன்னும் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. புரியாவிட்டால் "என்ன?" என்று இன்னொருக்கால் கேட்டிருக்கலாம். அவரைத் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் எழுதவேண்டாம்.

இதுவரை பதிந்தது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பேந்து என்ற சொல் இருக்கும் இடங்களில் விரல் வைத்துப் பார்த்தேன், இருக்கிறது. என் கண்ணாலும் காதாலும் அறிந்ததை மட்டும் சொன்னேன், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஆ. யோகராணி

பதிந்தவர் குறிப்பு: அதிகாரி பேனையை நீட்டியபோது சாட்சி "பேந்து" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுக்குமுன் அதிகாரி பேனையைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதன் பின் சாட்சி ஒப்பமிட்டார்.

(ஒப்பம்) வசீகரன், மொழிபெயர்ப்பாளர்