அறுபது டிகிரி பச்சத் தண்ணி

ஆம்பூரிலிருந்து குடியாத்தம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர்.

"மூணு நாளா நடுங்கிக்கினே குளிச்சிட்டு, தண்ணி சூடாதான் இருக்குன்னாருக்கா எங்க வூட்டுக்காரரு."

"இன்னாடி சொல்ற?"

"கீசர்ல அறுபது டிகிரி காட்டுச்சு. தோல் கம்பெனியில பாய்லர் ஓட்டுறவராச்சே, மீட்டர் பொய் சொல்லாதாம். என் கைதான் சரியில்லையாம்!"

"அய்யய்யோ! அப்புறம்?"

"பொண்ணு பச்சக்கொழந்தையோட நாளைக்கு வர்றா. நேத்து நானே மெக்கானிக்க கூப்ட்டேன். சென்சார் கெட்டுப்போயி, பச்சத் தண்ணியையே அறுபதுன்னு காட்டுதாம். சூடாய்ட்டுதுன்னு நெனச்சு கீசரு தானா நின்னுடுதாம். புதுசு மாத்திட்டாரு."

"வூட்டுக்காரரு இன்னா சொன்னாரு?"

"காலைல ஆவி பறக்கக் குளிச்சாரு, பாட்டு வேற. வெளிய வந்து மீட்டரப் பாத்துட்டு, 'அதே அறுபதுதானே காட்டுது? நான் அப்பவே சொன்னேன்ல'ன்றாரு!"