கதவில் இல்லாத கோடுகள்

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் நூலகத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பிறந்து முன்வரிசையையும் பிடித்துவிட்ட பெரியவர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடமிருந்தும் உட்காராமல் வாசலோரம் நிற்கும் இளைஞர்களே! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட இந்தக் கிழவியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

ஒலிபெருக்கி கைக்கு வந்திருக்கிறது. என் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லாமல் விடுவேனா? மூத்த பேரன் ஆயிரம் பேரைச் சுமந்து செல்லும் ரயிலை ஓட்டுகிறான். அடுத்த பேத்தி கண் மருத்துவர். என் கண்ணில் புரை எடுத்து, இந்தத் தாளைப் படிக்க வைத்திருப்பவள். கடைக்குட்டிப் பேரன் நீச்சலில் மூன்று பதக்கம் வாங்கியவன். வீட்டில் குளிக்கச் சொன்னால் மட்டும் அவனுக்குத் தண்ணீர் ஆகாது. அங்கே யார் சிரிப்பது? அவன் அம்மாதான். சிரி தாயே, சிரி!

மீதியிருப்பவள் ஒருத்தி. நீங்கள் இன்று பட்டயம் வழங்கிப் பாராட்டும் பேத்தி. அவள் வரவில்லை. அவளுக்காக வாங்கிக்கொள்ள நான் வந்திருக்கிறேன்.

அவள் செய்யும் தொழில் என்ன? மரத்துக்கு மருத்துவம்! நூறு வருடம், இருநூறு வருடம் வாழ்ந்து களைத்த நாற்காலிகளுக்கும் மேசைகளுக்கும் உயிர் கொடுப்பவள். ஒட்டுவதற்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. வெந்நீர் பட்டால் விட்டுவிடும். "ஏன்டி, விடாத பசையா வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நாளைக்கு என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி வருவா பாட்டி. நான் செஞ்ச தப்பை அவ பிரிக்க முடியணும்ல?" என்றாள். அடக்கத்தைப் பாருங்கள்! அழகைப் பாருங்கள்!

அவள் ஓவியரும் கூட. எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன்னால் அதை வரைவாள். கீறலை வரைவாள், கறையை வரைவாள், கரையான் அரித்த பொத்தலை வரைவாள். அந்தப் படங்களைக் கண்காட்சிகளில் மாட்டுகிறார்கள்.

ஒருமுறை வயதான வக்கீல் ஒருவர் நாற்காலியோடு வந்தார். "புதுசு மாதிரி பண்ணிக் குடும்மா" என்றார். இவள், "புதுசு கடையிலயே கிடைக்குமே சார். இந்தக் கைப்பிடியில குழிஞ்சிருக்கே, இது யாரு கட்டைவிரல்?" என்று கேட்டாள். வக்கீல் தன் விரலை அந்தக் குழியில் வைத்தார். "அப்பா..." என்றார். பிறகு, "பழசாவே இருக்கட்டும்மா" என்றார் அந்த வாயாடி வக்கீல்.

கைதட்டாதீர்கள். இனிமேல் சொல்லப்போவது கைதட்டலுக்கு உரியதல்ல.

இவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. இவளுக்கு நாலு வயதாகும்போது, ஐந்தே நாள் காய்ச்சலில் என் மகள் போய்விட்டாள். எங்கள் துணி அலமாரிக் கதவின் உட்புறத்தில், என் மகள் வளர்ந்த உயரமெல்லாம் பென்சில் கோடுகளாக இருந்தன. பக்கத்திலேயே, தன் பிள்ளைக்கு அவள் கையால் போட்ட கோடுகள் நாலு. நாலோடு நின்றுபோன நாலு! தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை வருடா வருடம் அந்தக் கதவில் முதுகை ஒட்டி நிற்கும். "ஏழு வயசுல அம்மா என்னைவிட ஒரு விரல் உசரம் பாட்டி" என்று சொல்லும்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் விடுமுறைக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஊரார் வீட்டுச் சாமானெல்லாம் அவளால் மின்னுகிறதே, நம் வீட்டு அலமாரியும் மின்னட்டும் என்று தச்சரைக் கூப்பிட்டேன். அவர் வெளிப்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கேட்டார்: "உள்பக்கமும் தேய்க்கட்டுமா அம்மா? ஏதோ கோடெல்லாம் இருக்கே?"

"தேய்ச்சிடுங்க" என்றேன்.

பேத்தி வந்தாள். கதவைத் திறந்தாள். உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினாள்.

"எப்போ பாட்டி?"

"முந்தாநாள்தான். மறந்துட்டேன்டி கண்ணு."

"ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் வரைஞ்சேன். இதை மட்டும் வரையல. நம்ம வீட்டுதுதானே, எங்க போயிடப்போகுதுன்னு இருந்துட்டேன்."

"உனக்குத்தான் அளவு தெரியுமே! நீயே போட்டுடேன்."

"பொய்க் கோடு போடச் சொல்றியா பாட்டி?"

இரண்டாம் நாள் கிளம்பிப் போனாள், தூரத்து நகரத்தில் அவள் வேலை செய்யும் அருங்காட்சியகத்துக்கு. அப்புறம் வரவேயில்லை. தொலைபேசியில், "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான்.

பெரியோர்களே, தாய்மார்களே! மறந்தேன் என்று சொன்னேனே, மறந்தேனா? பெற்ற வயிறு மறக்குமா? துணி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் என் மகள் என் முன்னால் வளர்ந்தாள். வளர்ந்து வளர்ந்து ஒரு கோட்டில் நின்றாள். ஒருநாளா, இருநாளா? இருபத்திரண்டு வருடம்! தச்சர் கேட்ட அந்த நொடியில், இனிப் பார்க்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. எனக்குப் பாரமாக இருந்தது, அவளுக்குத் தாயாக இருந்தது. அதை நான் நினைக்கவில்லை.

மணியை அடிக்காதீர்கள் தலைவரே. ஆறு வருடமாக அடக்கியதற்கு ஆறு நிமிடம் கொடுங்கள்.

போன வருடம் அவளிடமிருந்து சேதி வந்தது: 'கதவை மட்டும் கழற்றி அனுப்பு.' அனுப்பினேன். வெட்கமில்லாமல் வாயைத் திறந்தபடி அலமாரி என் அறையில் நிற்கிறது. போன மாதம் ஒரு புகைப்படம் வந்தது. அருங்காட்சியகச் சுவரில் எங்கள் கதவு! கீழே ஓர் அட்டை. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன்:

'இதில் ஒரு தாய் வரைந்த உயரக் கோடுகள் இருந்தன. அவளைப் பெற்றவள் தாங்க முடியாமல் அவற்றைத் தேய்த்தாள். அந்தப் பளபளப்பும் இந்தக் கதவின் வரலாறு. அதை நான் நீக்கவில்லை.'

தாங்க முடியாமல்! நான் அவளிடம் சொல்லவே இல்லையே! மரத்தின் காயத்தைத் தடவியே கதை சொல்பவள், என் காயத்தையும் தடவிப் பார்த்திருக்கிறாள். நான் கற்ற ஐந்தாம் வகுப்பு, அந்த ஒரு சொல்லைப் படிக்கத்தான் போலும்.

போன கோடு வராது. போன மகள் வரமாட்டாள். வெந்நீர் ஊற்றிப் பிரிக்க முடியாத வேலையை நான் செய்துவிட்டேன். இந்தப் பட்டயத்தை அவளுக்காகப் பெற்றுக்கொள்கிறேன். தந்தவர்களுக்கும், தள்ளாத கிழவியின் குறையைப் பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும் நன்றியும் வணக்கமும்.

இந்தப் பேச்சைப் பதிவு செய்கிறார்களாம். அதனால் கடைசியாக உனக்கு ஒரு வார்த்தை, கண்ணம்மா. நீ அனுப்பிய படத்தில் கதவு இருக்கிறது, அட்டை இருக்கிறது, நீ இல்லை. என்னிடம் உள்ள உன் படம் ஒன்பது வருடப் பழசு. அந்தக் கதவில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, நிமிர்ந்து நில். கோடு ஒன்றும் வேண்டாம், நீ நின்றால் போதும். புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. தொலைபேசியில் வேண்டாம், என் விரல் பட்டால் படம் ஓடிவிடுகிறது. போடுவாயா?