எத்தனை சிசி காணும்?

— கோவிக்காதேங்கோ பிள்ளை, இந்த இருநூற்றைம்பது சிசி பைக் உங்களுக்குச் சரிவராது.

— ஏன், பொம்பிளை எண்டோ?

— சீச்சீ, கால் எட்டாது எண்டு. ஏறி இருந்து பாத்தனீங்கள் தானே? பெருவிரல் நுனி தான் நிலத்தில முட்டுது. மணலுக்க நிப்பாட்டினா அது உங்களையும் படுக்கப் போட்டு, தானும் மேல படுக்கும். விரலுக்குத் தக்க வீக்கம் வேணும், விளங்கிச்சோ?

— விளங்குது வீரபாகு ஐயா. ஆனா முழங்காவில் சந்தியில நான் கேட்ட ஆக்கள் எல்லாரும், டேர்ட் பைக் எண்டா இருநூற்றைம்பது தான், மிச்சமெல்லாம் விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லுகினம்.

— சந்தியில நிக்கிறவங்கள் ஓடுறதுக்கு வாங்கிறதில்லை. நிப்பாட்டி வைச்சுச் சாஞ்சு நிக்கிறதுக்கு வாங்கிறவங்கள். நீங்கள் இதுக்கு முதல் டேர்ட் பைக் ஓடினனீங்களோ?

— இல்லை, இது தான் முதல். தம்பியின்ர கியர் பைக் ஓடிப் பழகினனான். இவ்வளவு நாளும் ஓடினது வெளியில நிக்கிற அந்த ஸ்கூட்டர். ஜெயபுரத்துக்கு உள்ளுக்க போற மணல் ஒழுங்கையில அதின்ர சில்லு அரைவாசி தாழும். போன கிழமை அரைக் கட்டை தூரம் தள்ளிக்கொண்டு போனனான்.

— ஓம், தெரியும். சொல்லிச்சினம்.

— ஆர் சொன்னது?

— ஆரோ. மாட்டு டொக்டர்ப் பிள்ளையைத் தெரியாத ஆள் இந்தப் பக்கத்தில ஆர்? சரி, அனோஜாப் பிள்ளை, பின்னுக்கு என்ன பாரம் ஏத்துவியள்?

— நான் டொக்டர் இல்லை ஐயா, சினை ஊசி போடுற ஆள். ஏத்துறது ஒரு கான். நைதரசன் கான். காளையின்ர விந்து எல்லாம் அதுக்குள்ள தான் குளிரில —

— ஓமோம், சரி, சரி. கான் எவ்வளவு பாரம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.

— பத்துக் கிலோ வரும். நிமித்தினபடி தான் கொண்டு போகோணும். சரிஞ்சு ஊத்துப்பட்டா உள்ளுக்க கிடக்கிறது முழுக்கப் பழுது.

— அப்ப இந்த நூற்றிருபத்தைஞ்சையும் தள்ளி வையுங்கோ.

— ஐயோ, ஏன்? பாரமில்லை, கால் எட்டுது, நிறமும் நல்லாக் கிடக்கு. உண்மையாத் தான், எனக்கு இது தான் மனதுக்குப் பிடிச்சது.

— மனதுக்குப் பிடிக்கும். மணலுக்குப் பிடிக்காது. இது ரெண்டு ஸ்ட்ரோக், விளங்கிச்சோ? மெல்லப் போனா இருமிக்கொண்டு நிக்கும். முறுக்கினா முறுக்கின இடத்தில பாயும். றேஸ் ஓடுற பெடியளுக்கு அது தேவாமிர்தம். உங்கட கான் பின்னுக்குக் கிடந்து துள்ளித் துள்ளி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்ச மாதிரி உடையும். அதோட பெற்றோலுக்க ஒயில் கலந்து ஊத்தோணும். ஒரு நாள் மறந்தியளோ, பிஸ்டன் இறுகி நடுக்காட்டில நிப்பியள்.

— அப்ப நாலு ஸ்ட்ரோக்கோ?

— நாலு ஸ்ட்ரோக் எருமை மாதிரி. அவசரப்படாது, துள்ளாது. சேத்துக்கையும் மணலுக்கையும் கீழ்க் கியரில ஒரே இழுவை தான்.

— எருமையும் அவசரப்படுற சாதி தான் ஐயா. பசு மாதிரிக் கத்திக் காட்டாது, அவ்வளவு தான். நாங்கள் தான் பின்பக்கத்தைப் பாத்து —

— பிள்ளை, அந்தக் கதை இப்ப என்னத்துக்கு? எஞ்சின் கதையைப் பாப்பம்.

— சரி, அதை விடுங்கோ. நான் போற வீடு வழிய ஆம்பிளையள் எல்லாரும் இப்பிடித் தான். நான் வாய் திறந்தா வேலிப் பக்கம் திரும்பி நிண்டு பூவரசம் இலை எண்ணுவினம். எனக்குப் பழகீட்டுது.

— பைக் எடுக்கிறதில ஏன் இவ்வளவு அவசரம்? நாள் பாத்து, வீட்டு ஆக்களையும் கூட்டிக்கொண்டு ஆறுதலா வரலாமே?

— ஆறுதலா வர நான் இங்க இருக்க மாட்டன். என்னை வவுனியாவுக்கு அனுப்பப் போகினம், கந்தோரில குந்தியிருந்து பதிவு எழுத. ஆரோ பெட்டிசம் போட்டிருக்கினம்.

— பெட்டிசமோ?

— ஓம். போனில படம் பிடிச்சு வைச்சிருக்கிறன், கேளுங்கோ. "மாடு கத்தினால் மறுநாள் தான் இந்த உத்தியோகத்தர் வந்து சேருகிறார். இளம் பிள்ளை, பொறுப்பில்லை." பேரில்லை. "ஜெயபுரம் கமக்காரன்" எண்டு மட்டும் இருக்கு. மூண்டு திகதியும் போட்டிருக்கு. இன்னொண்டு வந்தா இந்தப் பக்கத்தை வேற ஆளுக்குக் குடுத்திடுவன் எண்டு எங்கட கந்தோர்ச் சேர் சொல்லிப்போட்டார்.

— அந்தாளும் என்ன கஷ்டத்தில எழுதிச்சோ தெரியாது.

— கஷ்டம் எனக்கும் விளங்கும் ஐயா. காலமை சினைக்குக் கத்தின மாட்டுக்குப் பின்னேரம் ஊசி போடோணும். பின்னேரம் கத்தினா மற்ற நாள் காலமை. அதை விட்டா இன்னும் இருபத்தொரு நாள் பாத்துக்கொண்டு இருக்கிறது தான். ஒரு மாடு வைச்சிருக்கிற வீட்டுக்கு அது சின்ன விசயமே? ஆனா அம்மாளாணைச் சொல்லுறன், நான் ஒரு நாளும் படுத்துக் கிடந்து பிந்தினதில்லை.

— அழாதேங்கோ பிள்ளை.

— நான் அழேல்லை. கோவம். நான் வந்து ஏழு மாசம். மாடு சுமக்கிறது ஒன்பது மாசம். நான் போட்ட ஊசியில ஒரு கன்றுகூட நான் இன்னும் காணேல்லை. முதல் கன்று ஐப்பசியில விழும். அது எழும்பி நிக்கிறதை என்ர கண்ணால பாக்கோணும். அதுக்கு முதல் அனுப்பிப்போட்டினம் எண்டா... சரி, அதை விடுங்கோ. பைக்கைக் காட்டுங்கோ.

— இந்தா, இது. இருநூறு சிசி, நாலு ஸ்ட்ரோக். காத்தில குளிருற எஞ்சின், தண்ணி கிண்ணி ஒண்டும் ஊத்தத் தேவையில்லை. செல்ஃபும் இருக்கு, கிக்கரும் இருக்கு. சீற்றை ரெண்டு விரல் வெட்டிப் பதிச்சுத் தாறன், பின்னுக்குக் கானுக்கு ஒரு இரும்புக் கூடும் ஒட்டித் தாறன். நூற்றிருபத்தைஞ்சு மணலில திணறும், இருநூற்றைம்பது உங்களை விழுத்தும். இது ரெண்டும் செய்யாது.

— அப்ப இது தான். எழுதுங்கோ.

— பொறுங்கோ. என்ர கடையில ஒரு வழக்கம் இருக்கு. முதல் பைக் வாங்கிறது ஆரெண்டாலும் பின்வளவு மணலில அதைப் படுக்கப் போட்டுத் தனியத் தூக்கி நிமித்தோணும். நிமித்தேலாட்டி நான் விக்க மாட்டன். காட்டு வழியில விழுந்தா தூக்கித் தர ஆர் வருவினம்? ஆனை தான் வரும்.

— படுக்கப் போடுங்கோ.

— இந்தா, போட்டாச்சு. ஹாண்டிலை இப்பிடிப் பிடிச்சு —

— சொல்லித் தராதேங்கோ ஐயா. விழுந்து படுத்த மாட்டை எழுப்புற ஆள் நான். முதுகைச் சீற்றில குடுத்து, குந்தி, காலால உன்னி... ம்ம்... எழும்பு... எழும்படி என்ர ராசாத்தி... இந்தா!

— எட, எழும்பீட்டுதே! இருபது வருசத்தில முதுகைக் குடுத்துத் தூக்கினதை இப்ப தான் காணுறன். பெடியள் எல்லாம் கையால இழுத்து நாரி பிடிச்சு, இடுப்பு நிமிராமல் போனவங்கள்.

— கையால மாட்டைத் தூக்கேலாது. சரி, தூக்கியாச்சு. இந்தாங்கோ அட்வான்ஸ், பிடியுங்கோ. நாலு மணியாகுது.

— அது கிடக்கட்டும் பிள்ளை. நாளைக்கு ஒருக்கா வாங்கோவன்.

— ஏன்? தூக்கினன் தானே? வேற ஆருக்கும் சொல்லி வைச்சிருக்கிறியளோ?

— இல்லை, இல்லை. இந்தப் பைக் இருந்தா நேரத்துக்குப் போயிடுவியளோ?

— மணலுக்க அரை மணித்தியாலம் மிச்சம் பிடிப்பன். பெட்டிசக் கணக்குத் தான் எனக்கு விளங்குதில்லை. போன் கோல் வந்த நேரமெல்லாம் கொப்பியில எழுதிறனான். பெட்டிசத்தில இருக்கிற மூண்டு திகதிக்கும் போனது ஒரே வீடு, வடிவம்மா அக்கா வீடு. மூண்டு தரமும் இரவு எட்டு மணிக்குத் தான் போன் அடிச்சவா. எப்ப கத்தத் தொடங்கினது எண்டு கேட்டா, நான் இப்ப தானே வேலையால வந்தனான் எண்டுவா. விடிய அஞ்சரைக்கு நான் அங்க நிண்டனான். ஆனா அவா பெட்டிசம் எழுதிற ஆள் இல்லை. போற நேரமெல்லாம் தேத்தண்ணி தந்து, மணல் அப்பின காலுக்குத் தண்ணி வாத்து விட்டவா.

— அவா எழுதேல்லை.

— உங்களுக்கு என்னெண்டு தெரியும்?

— அவா என்ர மனிசி. எழுதினது நான்.

— நீங்களோ? உங்களை நான் அந்த வீட்டில ஒரு நாளும் காணேல்லையே!

— உங்கட ஸ்கூட்டர்ச் சத்தம் கேட்டா நான் பின்வேலியால கடைக்கு வந்திடுவன்.

— நான் என்ன பாவம் செய்தனான் ஐயா உங்களுக்கு?

— கோவத்தில எழுதினனான் பிள்ளை. மூண்டு தரம் சினை பிடிக்கேல்லை. காலமை கத்தின மாட்டுக்கு மற்ற நாள் காலமை வந்தா எப்பிடிப் பிடிக்கும்?

— காலமையோ? எனக்கு இரவு எட்டுக்குத் தானே சொன்னது!

— மனிசி ஆறு மணி பஸ்ஸில கார்மென்ட்ஸுக்குப் போயிடுவா. அவா வந்து தான் உங்களுக்கு அடிக்கிறது.

— நீங்கள் கேட்டனீங்கள் தானே அது கத்தினதை? உங்களிட்டப் போன் இல்லையோ?

— போன் இருக்கு.

— பிறகு?

— ஒரு குமர்ப்பிள்ளைக்குப் போன் எடுத்து, எங்கட மாடு இப்பிடி... அப்பிடி எண்டு... அதை நான் என்னெண்டு பிள்ளை வாய் திறந்து சொல்லுறது?

— பெட்டிசத்தில எழுதியிருக்கிறியளே, மாடு கத்தினால் எண்டு!

— எழுதிறது வேற. கதைக்கிறது வேற.

— ஐயோ கடவுளே. ஒரு முழுப் பகலை நான் எத்தனை சிசியால ஓடிப் பிடிக்கிறது? ஆயிரம் சிசியும் காணாதே! உங்கட வெக்கத்துக்கு நான் வவுனியா போகோணுமோ?

— போக வேண்டாம். சேருக்கு வேற கடிதம் எழுதித் தாறன். இந்த முறை பேர் போட்டு. வீரபாகு, ஜெயபுரம் எண்டு முழு விலாசத்தோட.

— அதை இண்டைக்கே எழுதுங்கோ. பைக்கையும் நான் எடுக்கத் தான் போறன், மணல் மணல் தான். ஆனா இனிக் கத்தினா மனிசி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது. நீங்களே அடிக்கோணும். "கத்துது." ஒரு சொல். அவ்வளவும் காணும்.

— ஓம் பிள்ளை.

— எங்க, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்.

— இப்பவோ?

— இப்ப தான். வேலிப் பக்கம் பாக்காமல், என்னைப் பாத்து.

— கத்துது.

— பாத்தியளே! பழகினா ஒண்டுமில்லை.

— நான் பழகிப் பாக்கேல்லை பிள்ளை. இண்டைக்கு மனிசி பஸ் ஏறினது தொடக்கம் எங்கட மாடு கத்திக்கொண்டு தான் நிக்குது.