உடும்பு நோட்டு

பழைய நோட்டுக்கு விலை சொல்கிறவனும் கோழி வாங்க வருகிறவனும் ஒரே ரகம். கையில் எடுத்ததும் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். முகத்தில் ஒன்றையும் காட்ட மாட்டார்கள்.

இதைக் கோட்டக்குப்பத்தில் ஜபருல்லா பாய் கடையில் உட்கார்ந்திருந்தபோது கண்டுபிடித்தேன். அன்றைக்கே அந்த ஆள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதற்கு முன்னால் இருந்ததா என்று கேட்காதீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எனக்கு யார் மேலும் இருந்ததில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஏமாறாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவது. அதை ஒரு பெரிய அறிவு என்று நினைத்துக்கொண்டே கிழவனாகிவிட்டேன்.

நோட்டுகள் என்னுடையவை அல்ல, அற்புதராஜுடையவை. சின்ன வயதில் மரக்காணம் அளத்தில் என்னோடு உப்பு வாரினவன். பிறகு கப்பலில் சமையல்காரனாகப் போய்ப் பாதி உலகத்தைச் சுற்றினான். கடைசியில் சர்க்கரை வியாதிக்கு இரண்டு கண்ணையும் கொடுத்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தான். மனைவி இல்லை. மகள் ஜோசப்பின் திண்டிவனத்தில் இருக்கிறாள்.

அவன் போன கப்பல் இந்தோனேசியாவுக்கு அடிக்கடி போகுமாம். துறைமுகச் சந்தையில் மற்றவர்கள் ரேடியோ வாங்கினால், இவன் செல்லாத பழைய நோட்டு வாங்கியிருக்கிறான். புலி போட்டது, யானை போட்டது, காண்டாமிருகம் போட்டது. நாங்களெல்லாம் பையன்களாக இருந்த காலத்தில் அந்த நாட்டில் அச்சடித்தவை. அதில் ஒன்றில் உடும்பு. நம் ஊர் உடும்பு இல்லை, மானையே அடித்துத் தின்கிற உடும்பாம். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டி, சத்தத்தை வைத்தே இது புலி, இது யானை என்று சொல்வான். குத்துமதிப்பாகச் சொல்கிறான் என்று நினைத்து, அவனுக்குத் தெரியாமல் வரிசையைக் கலைத்து வைத்தேன். அப்போதும் சரியாகச் சொன்னான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

எங்கே போனாலும் ஒரு கழியின் முன்முனையை நான் பிடித்துக்கொள்வேன், பின்முனையை அவன் பிடித்துக்கொள்வான். "எனக்குக் கண்ணு தனக்கோடிதாம்பா" என்று டீக்கடையில் சொல்லுவான். நான் மறுத்ததில்லை.

பேத்தி ஜெர்லினை நர்சிங் சேர்க்க வேண்டும் என்றுதான் விற்க நினைத்தான். பாய் ஒவ்வொரு நோட்டையும் இடுக்கியால் எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். தன் போனில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"உடும்பு ஒண்ணு போதும்ணே. பாப்பா படிப்புக்கு ஆவும். வாங்குற ஆளு வெளியூர்ல இருக்காரு, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

"பிள்ளையார் நோட்டு எவ்ளோ போவும் பாய்?" என்று நான் கேட்டேன். அதே நாட்டு நோட்டுதான், பிற்காலத்தில் வந்தது. மூலையில் நம் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். எத்தனை சைபர்!

"அது நெறைய பேரு கிட்ட இருக்குது பெரியவரே. சாமி ரூம்ல வெச்சிக்கங்க."

பிள்ளையாரைவிட உடும்பு உசத்தி என்கிறவனை எப்படி நம்புவது? எழுந்தபோது பாய் இன்னொன்றும் சொன்னார். "ஓரத்துல கறை இருக்குது. இருந்துட்டுப் போவட்டும். தொடைக்காதீங்க, தண்ணி காட்டாதீங்க. இப்டியேதான் வேணும்."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எங்கள் தொழிலில் வெள்ளைதான் விலை. சேறு கலந்த உப்பை நல்ல தண்ணீரில் போட்டால் கரைந்துபோகும். அதனால் உப்பு முற்றின தண்ணீரிலேயே அலசுவோம். அழுக்கு போகும், உப்பு நிற்கும். "அலசாதே, அப்படியே கொடு" என்று ஒரு வியாபாரி சொன்னால், அவன் தானே அலசி இரண்டு மடங்குக்கு விற்கப் போகிறான் என்று அர்த்தம். இதை அளத்தில் கண்ணால் பார்த்தவன் நான். ஆகவே பாய் தண்ணீர் காட்டாதே என்றதும், கட்டாயம் காட்ட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். என் அறிவு அப்படி வேலை செய்தது.

டப்பா என்னிடம்தான் இருந்தது. "எங்கிட்ட இருந்தா எலி தின்னாகூடத் தெரியாது, நீ வெச்சிக்க" என்று அற்புதராஜே கொடுத்திருந்தான். ஒரு நாள் வெயில் ஏறினதும் உப்புப் பாத்தியோரம் உட்கார்ந்து, அந்த முற்றின தண்ணீரிலேயே ஒவ்வொன்றாக அலசினேன். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி பழைய வேட்டியால் ஒற்றினேன். சாக்கில் பரப்பிக் காயவைத்தேன். பிறகு சொம்பில் வெந்நீர் ஊற்றி, அதன் அடியால் தேய்த்து மடிப்பெடுத்தேன். கறை போய்விட்டது. உடும்பும் கொஞ்சம் போயிருந்தது. எனக்கு அது சுத்தமாகத் தெரிந்தது. இனி பாய் உண்மையான விலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பிறகு ஒரு காலையில் அற்புதராஜ் உடும்பைக் கையில் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன். காதோரம் ஆட்டினான். சத்தம் வரவில்லை. மறுபடி ஆட்டினான்.

"இது என்னுது இல்ல."

"உன்னுதுதாம்பா."

"என் நோட்டு பேசும். இது கோவணத்துணி மாதிரி தொங்குது. யாருக்குடா வித்த?"

நோட்டை வாங்கி டப்பாவில் வைத்தேன். ஒன்று சொல்கிறேன், நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அவன் என்னைத் திருடன் என்றது எனக்கு வலிக்கவேயில்லை. திருடுவதற்கு மூளை வேண்டும். நாங்கள் இருந்த தெருவில் சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தவர்கள், போன் பேசிக் கார்டு நம்பரைக் கொடுத்துவிட்டு அழுதவர்கள், எல்லோரையும் நான் முட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஏமாற்ற யாருமே வராமல், தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு, சொம்பை வேறு வைத்துத் தேய்த்தவன் நான் என்று அவர்களுக்குத் தெரிந்தால் எந்த டீக்கடையில் உட்காருவது?

"கெளம்பு. பாய் கிட்ட போலாம். அவர் ஒரு பார்வ பாத்தா தெரிஞ்சிடும்" என்றான் அற்புதராஜ்.

அவர் ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். அதுதான்.

பஸ் ஏறக் கால்வாய்க்கரை வழியாகப் போவது குறுக்குவழி. வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். "பணம் போனா போவுதுடா. பாப்பா வேற படிப்பு படிப்பா. நீ போயி இப்டி பண்ணிட்டியே." குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

கால்வாயில் போன வருடம் மிஷின் வைத்து ஆழமாக வெட்டின இடம் ஒன்று இருக்கிறது. கரை செங்குத்து. அவனுக்குக் கண் போன பிறகு வெட்டினது, அதனால் தெரியாது. அவன் மனதில் இருந்தது முழங்கால் தண்ணீர்க் கால்வாய். பாதை அந்த இடத்தில் இடது பக்கம் திரும்பும். நான் திரும்பினேன். கழியை விட்டுவிட்டேன். தள்ளவில்லை. கழியை விடுவதற்குப் பலம் தேவையில்லை.

அவன் நின்றான். கழி முனை தரையில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"தனக்கோடி, எந்தப் பக்கம்பா?"

இவ்வளவு நேரம் திருடன் என்று திட்டிக்கொண்டு வந்தவன், வழியை என்னிடமேதான் கேட்டான்.

"நேராத்தான். வா" என்றேன்.

வந்தான்.

தண்ணீரில் இருந்தும் என் பெயரைத்தான் கூப்பிட்டான். வேறு யாரையும் கூப்பிடவில்லை. நான் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டேன். கையை நீட்டினால் எட்டுமா என்று யோசித்தேன். எட்டியிருக்கும். கால்வாய் அமைதியான பிறகு, தவறி விழுந்துவிட்டான் என்று கத்திக்கொண்டு ஊருக்குள் ஓடினேன். நன்றாக ஓடினேன், இந்த வயதில் இப்படி ஓட முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியம். மாதா கோயில் கல்லறையில் முதல் பிடி மண்ணை என்னைத்தான் போடச் சொன்னார்கள்.

ஜோசப்பின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பாவுக்கு நீங்கதான் சித்தப்பா எல்லாம்" என்றாள். டப்பாவை அவளிடம் கொடுத்தேன். அவள் பாயிடம் கொண்டுபோனாள். அவர் இது தேறாது என்றதும், முன்பு விலை பார்த்தபோதே பாய் மாற்றிவிட்டார் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தாள். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். வந்தேன். பாய்தான் எடுத்தார் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

பாய் தன் போனைக் காட்டினார். அன்றைக்கு எடுத்த போட்டோவிலும் நோட்டிலும் நம்பரெல்லாம் ஒன்றுதான். "மாத்தல மேடம். அதே நோட்டுதான். எவனோ ஒரு மடையன் தண்ணில போட்டு அலசியிருக்கான், அதுவும் உப்புத் தண்ணில" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். தப்பாகச் சொல்லவில்லை, யாருக்கும் சிரிப்பு வரும். சிரிக்காமல் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அது ஏன் மடத்தனம் இல்லை என்று உங்களுக்கு விளக்கலாம் என்றுதான் எல்லோரையும் வெளியே அனுப்பச் சொன்னேன். விளக்க ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறேன் பாருங்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். அற்புதராஜைக் கால்வாய்க்குள் நடக்கவிட்டவன் நான். தெரிந்தே செய்தேன். நோட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று போடுங்கள். தள்ளினேன் என்று வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கழுவின விஷயம் மட்டும் அதில் வேண்டாம். வெளியே ஜோசப்பின் உட்கார்ந்திருக்கிறாள். இதைப் படித்தால் அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்.