கொஞ்சம் துப்புங்க

எச்சில் தொட்டுப் புத்தகம் புரட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இப்போது நீங்கள் அந்தக் காகிதத்தைப் புரட்டிய விதம் நன்றாக இருந்தது, சார். காய்ந்த விரல்.

நான் பல் டாக்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் அதிகம் சொல்லும் வார்த்தை 'துப்புங்க'. ஊரார் வாயெல்லாம் என் மூக்குக்கு நேரே திறந்து கிடக்கும். பல்லிடுக்கில் முந்தாநாள் தின்றது ஊறிக்கொண்டிருக்கும், நாக்கில் மாவு பூசிய மாதிரி வெள்ளை, அதன்மேல் கோழை. கையுறையைக் கழற்றிய பிறகும் அந்த வழவழப்பு போகாது. பாதி நாள் மத்தியானம் சாப்பிடவே மாட்டேன்.

வரவேற்பு மேசையில் என் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னோடுதான் இருந்தாள். என்னைப் படிக்கவைத்தவளும் அவள்தான், அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அவளுக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது ஒரு டீச்சரால். பல்வலியோடு வந்த டீச்சர், பிடுங்கியபின் பஞ்சைக் கடித்துக்கொண்டு கிளம்பிய அவசரத்தில் ஒரு நாவலை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். புத்தகக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி கொலைகளைத் துப்பு துலக்குகிற கதை. சும்மா புரட்டிய அக்கா, சாப்பாட்டை மறந்து படித்து முடித்தாள்.

"தம்பி, இது ஒரு வரிசையாம்டா. இன்னும் நிறைய இருக்காம்," என்றாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் அடுத்த பாகத்தை வாங்கிவந்தாள். அப்புறம் டீச்சர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள்.

நானும் ஒன்றைப் படித்துப் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது. செத்தவன் வாயில் நுரை இல்லை, நாற்றம் இல்லை, கழுவித் துடைத்து வைத்த பிணம். அடுத்த பக்கத்தில் டீயும் கேக்கும். அதுகூடப் போகட்டும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையும் அக்காவின் எச்சிலில் ஊறி உப்பியிருந்தது. நாக்கில் விரலை வைப்பாள், புரட்டுவாள், அதே விரலால் எனக்கு டம்ளரை நீட்டுவாள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "போடா, உனக்கு ஊட்டி வளர்த்த கைடா இது," என்பாள். அதை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.

ஒரு மத்தியானம், கதவில் 'உணவு இடைவேளை' அட்டையை மாட்டிவிட்டு வந்து, என் முன்னால் ஒரு பஞ்சைப் பிரித்தாள். உள்ளே ஒரு கடவாய்ப் பல்.

"டீச்சருக்கு நேத்து மறுபடியும் பிடுங்கினியே, அது. தட்டைக் கழுவுறப்ப எடுத்து வெச்சேன். இதுல சொத்தையே இல்லையேடா. அவங்க வலி இன்னும் அப்படியேதான் இருக்கு."

நான் உள்ளதைச் சொன்னேன். "பல் இருந்தாத்தானேக்கா அழுக்கு சேரும்? பிடுங்கின இடம் எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு."

நல்ல பல்லைப் பிடுங்குவது எனக்கு நெடுநாள் பழக்கம், சார். சிலருக்கு மேல்வரிசையையே காலி செய்து அனுப்பியிருக்கிறேன். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விடுவார்கள்.

வாந்தியைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள். "சீ," என்றாள். "நாளைக்கு டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன். இனிமே நீ யார் வாயிலயும் கை வைக்கக் கூடாது."

சரி என்றேன். "ரொம்ப நாளா வலிக்குதுங்கிறியே, உன்னோட அந்தச் சொத்தைப் பல்லை மட்டும் எடுத்துடுறேன்க்கா. அதோட விட்டுடுறேன்."

உட்கார்ந்தாள், சார். தம்பிதானே என்று உட்கார்ந்தாள். "என்னோடதையாவது சரியாப் பார்த்துப் பிடுங்கு," என்று சிரிக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அந்தப் புத்தகக் கடைக்காரியும் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியிடம் தனியாக மாட்டிக்கொள்வாள். சரியான நேரத்துக்கு யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். எங்கள் கதவில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

மயக்க மருந்தைத் தாராளமாகவே கொடுத்தேன். நாற்காலியை நன்றாக மல்லாத்தினேன். சொத்தைப் பல்லில் தொடங்கி, மற்றவற்றையும் எடுத்தேன். ரத்தத்தை உறிஞ்சும் குழாயை அணைத்துவிட்டேன், அதன் சத்தம் எனக்கு ஆகாது. வாய் நிரம்பியது. தொண்டையில் களகளவென்று கேட்டது.

"துப்புக்கா," என்றேன். மற்றவர்களிடம் சொல்வதைவிடக் கனிவாகவே சொன்னேன். மறுபடியும் சொன்னேன், வாக்குமூலத்தில் அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பாகம் படித்துத் துப்பு துலக்கியவளுக்குத் துப்பத் தெரியவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது? என் மூஞ்சியிலேயே துப்பியிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.