ஒத்தையாள்

— மறந்துட்டேன்.

— மறுபடியுமா? இப்பத்தானேங்க சொல்லிக்கொடுத்தேன்! என்ன மனுஷன்யா நீங்க. நான் எழுதிக் கொடுத்த தாள் எங்க?

— அதாவது பாரு, அது வேற சட்டைப் பையில இருந்திருக்கும்.

— இருந்திருக்கும்னா?

— வீட்டுல இருக்கு.

— நல்லா இருக்கு போங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருபதாயிரம் பேர் கத்திக்கிட்டு இருக்காங்க. மேடையேறி விருது வாங்கப்போற மகராசன் பேச்சை வீட்டுல விட்டுட்டு வந்து நிக்கிறாரு. கண்ணாடியைப் பார்த்து நில்லுங்க. காலரைப் பாருங்க, நாய் கடிச்ச மாதிரி.

— நீ ஒருதரம் சொல்லிக் காட்டேன். காதுல விழுந்தா ஞாபகம் வந்துடும்.

— கார்ல சொன்னேன். லிஃப்ட்ல சொன்னேன்.

— லிஃப்ட்ல பாதிதான் சொன்னே. நடுவுல யாரோ ஏறினதும் வெட்கப்பட்டு நிறுத்திட்டே.

— சரி, கேளுங்க. "எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு இங்க நடக்கிற போட்டியில ஆளுக்கு ஒரு வீரன், மூணு பாதை. இந்த ஆட்டம் எங்க பிறந்துச்சு தெரியுமா? ஒரு டயர் கடை மாடியில, ஆறு பேர் வேலை பார்த்த ஒரே ஒரு ரூம்ல. ஆனா நாங்க அங்க செஞ்சுக்கிட்டு இருந்தது இது இல்ல, வேற கம்ப்யூட்டர் விளையாட்டு. மரம் வெட்டணும், கல்லு சுமக்கணும், கோட்டை கட்டணும், படை திரட்டிக்கிட்டுப் போய் அடுத்தவன் கோட்டையைப் பிடிக்கணும்."

— அழகா சொல்றே.

— அழகு கிடக்கட்டும், மனசுல ஏத்துங்க. "அந்த விளையாட்டுக்கு வரைபடம் போடும்போது நான்..."

— நில்லு. நானா போட்டேன்?

— ஆரம்பிச்சுட்டீங்களா.

— நான் உக்காந்து புரோகிராம் எழுதினவன். காடு, மலை, ஓடை எல்லாம் போட்டவ நீ.

— "நாங்க"ன்னு மாத்திக்கோங்க, தீர்ந்துச்சு. "வரைபடம் போட்டா சோதிச்சுப் பார்க்கணும். ஓடையைத் தாண்ட முடியுதா, காட்டுக்குள்ள எங்கயாவது வழி அடைச்சிருக்கான்னு தெரியணும். படையா அனுப்பினா தெரியாது. நூறு பேர்ல எவனாவது ஒருத்தன் எப்படியாவது கரையேறிடுவான். அதனால ஒத்தையாளை மட்டும் அனுப்புவோம். அவன் எங்க முழிச்சுக்கிட்டு நிக்கிறானோ அங்கதான் தப்பு."

— ஓநாய் கடிச்சு அவன் செத்துட்டா உன் மூஞ்சி சுண்டிப்போகும்.

— பின்ன? பாதி தூரம் போயிருப்பான். மறுபடி மொதல்லேருந்து கூட்டிக்கிட்டு வரணும். அந்தக் கடுப்புலதான் ஒவ்வொரு ஓநாயைக் கொல்லும்போதும் அவனுக்குக் கொஞ்சம் பலம் ஏறுற மாதிரி வச்சேன்.

— வச்சேன்!

— வச்சோம். வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க.

— ஒட்டகம் வந்து உன் பின்னாடி நின்னதைச் சொல்லு.

— நெட்டையா ஒருத்தன் நம்மகூடப் படம் வரைஞ்சான்னு யாருக்குத் தெரியும், ஒட்டகம்னா முழிப்பாங்க. "எனக்கும் ஒரு ஆளைக் குடு"ன்னு என்னா அடம்! அவனுக்குக் குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? மத்தியானம் ஆனா மூணு பேர் இந்தப் பக்கம், மூணு பேர் அந்தப் பக்கம். கோட்டையிலேருந்து தானா கிளம்பி வர்ற காவல்காரனுங்களை நிறுத்தச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தேன். அவனுங்க பாட்டுக்கு வரிசையா வந்து முட்டிக்கிட்டுச் சாவானுங்க.

— அதேதான் இப்ப வெளிய நடக்குது. அதே பாதை, அதே வரிசை, அதே சாவு. அதாவது பாரு, உன் சோம்பேறித்தனத்துக்குத்தான் இருபதாயிரம் பேர் விசிலடிக்கிறாங்க.

— சும்மா இருங்க, யாராவது கேட்கப்போறாங்க.

— சார், உள்ள வரலாமா? மேடைப் பொறுப்பு நான்தான். ஓகே, ஓகே, ரெண்டு பேரும் இருக்கீங்க. தண்ணி ஏதாவது வேணுமா?

— வேண்டாம்மா. எப்பக் கூப்பிடுவீங்க? இவரு இன்னும் பேச்சையே மனப்பாடம் பண்ணல.

— இந்த ஆட்டம் முடிஞ்சதும் உடனே. சார், பெரிய திரையில போடற படம் ரெடி. நீங்க காலையில வந்து சொன்ன திருத்தம் பண்ணியாச்சு.

— என்ன திருத்தம்? காலையில டீ குடிக்கப்போறேன்னுதானே போனீங்க?

— டீயும் குடிச்சேன். பேரைத் தப்பா போட்டிருந்தாங்க, சரி பண்ணச் சொன்னேன்.

— ஓகே, நான் மைக் எடுத்துக்கிட்டு வர்றேன். அம்மா, மேடைப் படி கண்ணாடி. கொஞ்சம் வழுக்கும்.

— கேட்டுக்கிட்டீங்களா? பார்த்து ஏறுங்க. எனக்கு மட்டும் தட்டையான செருப்புப் போடுன்னு காலையில அவ்வளவு பிடிவாதம் பிடிச்சீங்க, உங்க ஷூவோட அடியைப் பார்த்தீங்களா? தேஞ்சு வழவழன்னு இருக்கு.

— சரி, அடுத்து சுவர் விஷயம் வரும்ல. சொல்லு.

— அதைத் தூங்கும்போதுகூடச் சொல்லுவீங்களே!

— நீ சொன்னாதான் அது ருசி.

— "எங்க விளையாட்டுல படைவீரங்க கொஞ்சம் மந்தம். சுத்திப் போக ஒரு வழி இருந்தாப் போதும், அது எவ்வளவு தூரமா இருந்தாலும் அந்த வழியாத்தான் போவாங்க. குறுக்க இருக்கிற சுவரை இடிக்கணும்னு தோணவே தோணாது."

— அது என் தப்பு. அந்த ஒரு விஷயத்துல எனக்குப் பங்கு இருக்கு. என் ஆளுங்க முட்டாளுங்க.

— அதைச் சோதிக்கத்தான் சுவரா கட்டினது. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, கடைசியில கொக்கி மாதிரி ஒரு வளைவு. எதிரிப்படை வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பி, மறுபடி ஊரைச் சுத்தும். பக்கத்துல நாலு கோபுரம் வச்சு அம்பு விட்டா ஒருத்தனும் மிச்சமில்ல. அன்னைக்கு நீங்க சிரிச்ச சிரிப்புல தண்ணி மூக்குல ஏறிடுச்சு.

— இன்னைக்கு அது தனி வகையாவே ஆயிடுச்சு. கோபுரம் வச்சுக் காப்பாத்துற விளையாட்டுன்னு எத்தனை ஆயிரம் வந்துடுச்சு! இன்னொண்ணை விட்டுட்டியே. சாப்பிடும்போது மவுஸைத் தொட்டா கறையாகும்னு ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டரையே மோதவிட்டு வேடிக்கை பார்ப்பே. இப்ப ஆளுங்களை நிறுத்தி வச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டுப் பார்க்கிற ஆட்டம்கூட வந்துடுச்சு.

— அதையெல்லாம் மேடையில சொல்லுவாங்களா? சாப்பிட்ட கதையை!

— நான் சொல்லுவேன்.

— ஒண்ணும் வேண்டாம். இதோட நேரா முடிவுக்கு வாங்க. "விளையாட்டு வெளிய போறப்ப அந்தச் சோதனை வரைபடங்களை அழிக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. வரைபடம் போடற கருவியோட சேர்த்து உள்ளயே விட்டுட்டேன். எங்கயோ இருக்கிற பிள்ளைங்க அதைத் திறந்து பார்த்து, பிரிச்சு, மாத்தி, எங்களுக்குத் தோணாததையெல்லாம் செஞ்சாங்க. இந்த விருது அவங்களுக்கும் சேர்த்துத்தான்."

— பொய்.

— எது பொய்?

— "எனக்கு மனசு வரல"ங்கிறது. மனசு வராதது உனக்கு. விட்டது நீ.

— ஏங்க, இதையே எத்தனை வருஷம் அரைப்பீங்க? முதலாளி வந்து குதிச்சாரே, "குப்பையைப் பெட்டியில போட்டு வித்திருக்கீங்கன்னு பத்திரிகைக்காரன் கிழிக்கிறான், எவன்டா விட்டது"ன்னு. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள நீங்க எழுந்து நின்னீங்க. "நான்தான் சார்." அந்த வாரமே உங்களை வெளிய அனுப்பிட்டாரு. அப்ப எனக்கு நீங்க யாரு? எதிர் மேசைக்காரர், அவ்வளவுதான். அந்த "நான்தான் சார்"ங்கிற ஒரு வார்த்தைக்காகத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன். அதைப் போய் ஊரைக் கூட்டி வச்சுப் பொய்யாக்கப் பார்க்கிறீங்களே.

— அதாவது பாரு... அன்னைக்கு நான் வாங்கிக்கிட்டது பழி. பழியை எவன் வேணா வாங்கிக்கலாம். பரிசை அப்படி வாங்கிக்க முடியாது. விளையாட்டு உலகம் பூரா பரவினதும் அதே முதலாளி "எங்க பையன்தான் செஞ்சான்"னு பேட்டி கொடுத்தாரு. அன்னைலேருந்து என் பேர் ஒட்டிக்கிச்சு. எவனாவது என்னைப் பார்த்துக் கை குடுத்தா எனக்குக் கூசுது.

— வீட்டுக்குள்ள யார் பேர்ல இருந்தா என்ன? நான் பஸ்ஸுக்கு வழித்தடம் போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கேன். எந்த பஸ் எங்க திரும்பணும், எங்க நிக்கணும். அதுவும் வரைபடம்தான்.

— ரயில்ல பார்த்த அந்த அம்மாவை நினைச்சுப் பாரு.

— எந்த அம்மா?

— தெரியாத மாதிரி கேட்காதே. பக்கத்து சீட்டுல உக்காந்து போன்ல சுவர் கட்டி விளையாடிக்கிட்டு இருந்தாங்களே. நீ இறங்க வேண்டிய ஸ்டேஷனைக்கூட விட்டுட்டே. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டே சொன்னே, "என் கொக்கி வளைவை அப்படியே கட்டினாங்கங்க"ன்னு.

— வெங்காயம், அதான் கண்ணுல தண்ணி வந்துச்சு.

— நான் கண்ணைப் பத்திப் பேசவே இல்லையே.

— காலரைக் காட்டுங்க, மறுபடி மடிஞ்சிருக்கு.

— அந்த அம்மாகிட்ட ஏன் சொல்லல? "இது நான் செஞ்சது"ன்னு ஒரு வார்த்தை.

— சொன்னா நம்புவாங்களா? பைத்தியம்னு எழுந்து வேற சீட்டுக்குப் போயிருப்பாங்க. அது விடுங்க. பொண்ணை நினைச்சுப் பாருங்க. முன்வரிசையில உக்காந்திருக்கா. பள்ளிக்கூடத்துலேருந்தே "எங்கப்பா செஞ்ச ஆட்டம்"னு சொல்லிச் சொல்லி வளர்ந்தவ. அவ நெஞ்சுல நீங்க எவ்வளவு உசரத்துல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அதை நான் தட்டிவிட மாட்டேன். என்னைக் கொன்னாலும் மாட்டேன்.

— அம்மா யாருன்னு தெரியாமலே அவ வளர்ந்ததுதான் எனக்கு வலிக்குது.

— காலையிலேருந்து அவளும் ஒரு மாதிரியாத்தான் இருக்கா. என்னையே பார்த்துச் சிரிக்கிறா. கார்ல திடீர்னு கட்டிப்பிடிச்சா, கேட்டா ஒண்ணுமில்லங்கிறா. போட்டி பார்க்கப்போற சந்தோஷம் போல.

— அப்படித்தான் இருக்கும்.

— அய்யோ, கத்துற சத்தத்தைப் பாருங்க! ஆட்டம் முடிஞ்சுடுச்சு. கண்ணாடி எல்லாம் அதிருது. ஏங்க, கெஞ்சிக் கேட்கிறேன். அங்க போய் எதையும் உளறாதீங்க. நான் எழுதினதை மட்டும் பேசுங்க. என் தலைமேல சத்தியமா.

— சரி.

— நிஜமாவா?

— நீ எழுதினதுதான் அந்த மேடையில பேசப்படும். ஒரு எழுத்து மாறாது. போதுமா?

— அப்பாடா. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, என் தொண்டைத் தண்ணி மிச்சமாயிருக்கும்.

— ஆனா கடைசியா ஒருதரம் சொல்லிக் காட்டு. "நாங்க" எல்லாம் வேண்டாம். "நான்"னு போட்டே சொல்லு. மேடையில "நான்"னுதானே பேசணும்.

— இப்பத்தான் வழிக்கு வந்தீங்க. கேளுங்க. "வரைபடத்தைச் சோதிக்க நான் ஒத்தையாளை அனுப்புவேன். அவன் சாகச் சாக எனக்குப் பொறுக்கல, அதனால அவனுக்குப் பலம் ஏத்தினேன். கூட இருந்தவங்க ஆளுக்கு ஒருத்தனைக் கேட்டாங்க, குடுத்தேன். படை எங்க மயங்குதுன்னு பார்க்கச் சுவர் கட்டினேன். அதுல ஒரு கொக்கி வளைவு வச்சேன். அந்த வளைவு இன்னைக்கு எந்தெந்த ஊர்லயோ, ரயில்லயும் பஸ்லயும், யார் யாரோ கையில இருக்கு. எல்லாத்தையும் அழிக்கச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. விட்டுட்டேன்."

— ரயில் தாள்ல இல்லையே.

— அட, தானா வந்துடுச்சு. நீங்க விட்டுடுங்க அதை.

— இருக்கட்டும். நல்லா இருக்கு. உன் குரல் எப்படி இருந்துச்சு தெரியுமா? நடுங்கவே இல்ல. அந்த டயர் கடை மாடியில "வாடா தம்பி, தாண்டு"ன்னு ஒத்தையாளை விரட்டுவியே, அதே குரல். எனக்கு உன்னை நினைச்சா அவ்வளவு பெருமையா இருக்கு. இதைச் சொல்ல எனக்கு எந்த மேடையும் வேண்டாம்.

— போதும் போதும், இந்த நேரத்துல என்னை அழவச்சுடாதீங்க. பேச்சு ஞாபகம் வந்துடுச்சா?

— அது மறக்கவே இல்ல.

— என்னது?

— சார், அம்மா, நேரமாச்சு. சார், நீங்க முன்வரிசைக்குப் போயிடுங்க, உங்க பொண்ணு பக்கத்துல சீட்டுப் பிடிச்சு வச்சிருக்காங்க. அம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புறீங்களா? மைக்கை உங்களுக்கு மாட்டணும்.