வேண்டுமென்றே தொலைத்த வழி

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில், சில்க் போர்டில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனி அடையாள அட்டை. பஸ் மேம்பாலம் ஏறும்போது மூத்தவர் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம எம்பொண்ண காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, வேணும்னே வழிய தொலைச்சேன்."

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமாக்கா?"

"எட்டு வயசாவுது. அபார்ட்மெண்ட் சிமெண்ட் தரையத் தவிர எதுலயும் கால் வெச்சதில்ல. காட்டுக்குள்ள போனதும், 'செக்யூரிட்டி அங்கிள் எங்கம்மா'ன்னு கேக்குறா. அந்த வயசுல நான் கோலார் தங்கவயல்ல முள்ளுக்காட்டுலயேதான் கெடப்பேன். போன ஆஃப் பண்ணிட்டு, வழி தெரியலடின்னு நடிச்சேன்."

"அழுதாளா?"

"கொஞ்ச நேரம். அப்புறம் பாத்தா, எனக்கே நெஜமா வழி தெரியல."

"அய்யோ."

"அவதான் கண்டுபுடிச்சா. போகும்போது ஒரு கரையான் புத்துக்கிட்ட செருப்பக் கழட்டி மண்ணத் தட்டியிருக்கா. அந்தப் புத்தத் தேடிப் புடிச்சு, என் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. சத்தம் கேக்க நல்லாருக்குன்னு சருகு மேலயே மிதிச்சு நடக்குறா. 'பயப்படாதம்மா, நான் இருக்கேன்'னு வேற. வீட்டுக்கு வந்து அவங்கப்பாகிட்ட, 'அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியல, நாந்தான் காப்பாத்தினேன்'ங்குறா."

"மொதல்ல நடிச்சத அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? வர்ற ஞாயித்துக்கெழமயும் நான் தொலைய வேண்டாமா?"